நாய்க்குட்டி பொம்மை அல்ல!

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் கண்டுபிடிக்கப்பட்டது. 7-ஆம் நூற்றாண்டுக் கல் அது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் நட்டது.

மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரன் ஒருவனுக்காக அந்தக் கல்லை வைத்தார்கள். கல்லில் வீரன் நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது!

அந்த நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரை அது கடித்தது என்று கல்வெட்டு சொல்கிறது. மனிதனுக்கு வைத்த கல்லில் நாய்க்கும் ஓர் இடம் கொடுத்தார்கள், அந்தக் காலத்துத் தமிழர்கள்.

இன்று நடப்பது என்ன?

"அப்பா, ஒரு நாய்க்குட்டி வேண்டும்" என்று பையன் கேட்கிறான். பிறந்த நாளுக்கு அப்பா ஒன்று வாங்கி வருகிறார். ஒரு மாதம் வீடெல்லாம் சிரிப்பு. இரண்டாம் மாதம் குட்டி செருப்பைக் கடிக்கிறது. மூன்றாம் மாதம் பாயை நனைக்கிறது. ஆறாம் மாதம் அதைச் சாக்கில் போட்டு, ஊருக்கு வெளியே விட்டு விட்டு வந்து விடுகிறார்கள்.

தெருவில் விடப்பட்ட அந்த நாய்க்கு இரை தேடத் தெரியாது. மற்ற நாய்களோடு சண்டை போடத் தெரியாது. சில நாளில் வண்டியில் அடிபடுகிறது. பிழைத்தால் குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகளுக்கு ஊசி போட ஆள் இல்லை. தெருவில் நாய்கள் பெருகி விட்டன என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். அந்த நாய்களில் சிலவற்றைத் தெருவுக்கு அனுப்பியது வீடுதான்!

ஆகவே, குட்டி வாங்குவது விளையாட்டுக் காரியம் அல்ல. ஒரு பெண்ணையோ பையனையோ தத்து எடுப்பது போல யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

வாங்குமுன் யோசி

நாய் 10 முதல் 13 ஆண்டு வரை உயிர் வாழும். இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் கல்லூரி முடிக்கும் வரை அது வீட்டில் இருக்கும். இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கொள்ள வேண்டும்.

காலையில் சோறு வைப்பது யார்? மாலையில் வெளியே அழைத்துப் போவது யார்? கலியாணம், திருவிழா என்று ஊருக்குப் போனால் நாயைப் பார்த்துக் கொள்வது யார்? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? ஊசிக்கும் மருந்துக்கும் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகை ஒதுக்க முடியுமா?

"குழந்தைகளே பார்த்துக் கொள்வார்கள்" என்பது பதில் அல்ல. குழந்தைகள் உதவி செய்யலாம். பொறுப்பு பெரியவர்களுடையது.

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், இந்த ஆண்டு குட்டி வேண்டாம். "வேண்டாம்" என்று சொல்வதும் நாய் மேல் வைக்கும் அன்புதான்.

சீமை நாயா, நாட்டு நாயா?

பனி மலையில் வண்டி இழுக்கும் 'ஹஸ்கி' நாயைச் சிலர் நம் ஊரில் வளர்க்கிறார்கள். அதற்கு உடம்பெல்லாம் இரட்டை ரோமம். சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்க விட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்கிறது.

மூக்குச் சப்பையான 'பக்' போன்ற நாய்களுக்கு இன்னும் கஷ்டம். அவை மூச்சு விடவே திணறும்.

நம் நாட்டில் நல்ல நாய்களுக்குப் பஞ்சம் இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ்நாட்டுக்கே சொந்தமான இனங்கள் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டில் இந்திய அரசு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையம் நாயும் இடம் பெற்றது.

ஆனால் ஒன்று: இவை வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்த நாய்கள். தினமும் ஓடினால்தான் அவற்றுக்கு உடம்பு நிற்கும். இரண்டு அறை வீட்டில், கம்பத்தில் கட்டிப் போட்டு வளர்க்க அவை ஏற்றவை அல்ல.

சாதாரணக் குடும்பத்துக்கு எது நல்லது? தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிதான்! வெயில் அதற்குப் பழக்கம். வீட்டுச் சாப்பாடு அதற்குப் போதும். சொன்னதைப் பிடித்துக் கொள்ளும் புத்தி உண்டு. விலையும் இல்லை. அதோடு, தெருவில் சாக இருந்த ஓர் உயிருக்கு வீடு கிடைக்கிறது.

குட்டியைப் பார்த்து எடு

கண் திறந்ததும் குட்டியைத் தூக்கி வரக் கூடாது. 8 வாரம் தாயோடு இருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் தடை செய்கின்றன.

ஏன் இந்த விதி? தாய்ப்பால் மட்டும் காரணம் அல்ல. கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒரு குட்டி கற்றுக் கொள்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தை இழந்த குட்டி பின்னால் முரட்டுத்தனமாகக் கடிக்கும்.

வாங்கப் போகும்போது தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுப்பவரிடம் வாங்கக் கூடாது. தாய் எலும்பும் தோலுமாக இருந்தால், குட்டியும் நோஞ்சானாக இருக்கும்.

நல்ல குட்டிக்குக் கண் பளிச்சென்று இருக்கும். பீளை இருக்காது. மூக்கு ஒழுகாது. ரோமத்தில் சொறியும் உண்ணியும் இருக்காது. வயிறு மட்டும் பானை போல உப்பி, உடம்பு ஒல்லியாக இருந்தால் அது கொழுப்பு அல்ல, வயிற்றில் பூச்சி!

குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கையைத் தட்ட வேண்டும். திரும்பிப் பார்த்தால் காது கேட்கிறது. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. அவற்றை வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

மூலையில் பதுங்கி நடுங்கும் குட்டியும் வேண்டாம். மற்றவற்றை மிதித்துக் கொண்டு பாயும் குட்டியும் முதல் முதலாக நாய் வளர்ப்பவருக்கு வேண்டாம். அழைத்தால் வாலை ஆட்டிக் கொண்டு வரும் நடுத்தரக் குட்டியே நல்லது.

முதல் இரவு

வீட்டுக்கு வந்த முதல் இரவு குட்டி அழும். தாயைத் தேடி அழுகிறது. "சனியன், தூங்க விடவில்லை" என்று அதை அடிக்கக் கூடாது. மாடியில் தனியே பூட்டவும் கூடாது.

ஓர் அட்டைப் பெட்டியில் பழைய சாக்கை விரித்து, படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் போதும். மனித மூச்சு கேட்டால் குட்டி அடங்கும். சில இரவுகளில் பழகி விடும்.

வந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். தெருவில் உள்ளவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கையில் கொடுக்கவும் வேண்டாம். முதல் இரண்டு நாள் குட்டி வீட்டைப் பார்க்கட்டும், தூங்கட்டும். சிறு குட்டி ஒரு நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். அதுதான் வளர்ச்சி.

சாப்பாடு

குட்டியின் வயிறு சிறியது. மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை கொடுக்கலாம்.

குழைந்த சோறு, வேக வைத்த முட்டை, எலும்பு எடுத்த கோழிக்கறி, கொஞ்சம் காரட், பூசணி. இவை நல்ல உணவு. சோறு மட்டும் போட்டு வளர்க்கக் கூடாது. எலும்பும் சதையும் வளர மாமிசமோ முட்டையோ வேண்டும். வாங்கின இடத்தில் என்ன கொடுத்தார்களோ, அதையே சில நாள் கொடுத்து, மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும்.

பால்? பல குட்டிகளுக்குப் பசும்பால் ஒத்துக் கொள்வது இல்லை. வயிறு கழியும். கழிந்தால் பாலை நிறுத்தி விட வேண்டும். எப்போதும் பக்கத்தில் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை சில உண்டு. சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை ஆகியவை நாய்க்கு விஷம். வெங்காயம் போட்ட சாம்பாரும் குழம்பும் அந்தப் பட்டியலில் சேரும். சமைத்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் கிழிக்கும். அதையும் போடக் கூடாது.

மனிதர்களுக்கு வாங்கின காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அது உயிரைக் குடிக்கும்.

ஊசி தவறினால் உயிர் தவறும்

குட்டி வந்த வாரத்திலேயே அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பக்கத்திலேயே அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று முன்பே விசாரித்து வைப்பது நல்லது. சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அங்கே நாய்களுக்கும் வைத்தியம் நடக்கிறது.

முதலில் பூச்சி மருந்து. மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை கொடுப்பார்கள். இந்தப் பூச்சியின் முட்டை மண்ணில் கிடந்து, குழந்தைகளின் கை வழியாக வயிற்றுக்குள் போகும். ஆகவே, நாய்க்குக் கொடுக்கும் மருந்து குழந்தைக்கும் காவல்.

அடுத்தது 'பார்வோ' என்னும் கொடிய நோய்க்கு ஊசி. இந்த நோய் வந்த குட்டி சாப்பிடாது. வாந்தி எடுக்கும். ரத்தமாகக் கழியும். இரண்டு மூன்று நாளில் செத்தும் விடலாம். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் வரை போட வேண்டும். ஒன்று போட்டு விட்டு மறந்தால் பயன் இல்லை.

அந்த ஊசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில், குப்பை மேட்டில் இறக்கி விடக் கூடாது. பார்வோக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். முன்பு அந்த நோயில் ஒரு குட்டி இறந்த வீடு என்றால், பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவாமல் அடுத்த குட்டியைக் கொண்டு வரக் கூடாது.

மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பு ஊசி. அதன் பின் டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசி. பிறகு ஆண்டுதோறும் ஒன்று. போட்ட தேதிகளை எழுதிய அட்டையைக் குடும்ப அட்டை போலப் பத்திரமாக வைக்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி எல்லையில் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். வெறிநோய் ஊசி போட்ட அட்டை அதற்கும் வேண்டும்.

குட்டி கடித்தாலும் கடிதான்

வெறிநோயின் அறிகுறி மனிதனுக்கு வந்து விட்டால், அநேகமாகப் பிழைப்பதே இல்லை. ஆனால் அறிகுறி வருமுன் ஊசி போட்டால் தடுத்து விடலாம். உலகில் இந்த நோயால் சாகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பிரான்ஸ் நாட்டில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி, வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்கு முதன் முதலாகத் தடுப்பு ஊசி போடச் செய்தார். சிறுவன் பிழைத்தான். பாஸ்டர் பெயரில் நம் குன்னூரில் 1907-ல் ஒரு நிலையம் ஏற்பட்டது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்தக் காலம் போய் விட்டது. இப்போது கையில் நான்கைந்து முறைதான். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

நாய் கடித்தால், நகத்தால் கீறினால், புண்ணில் நக்கினால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேரே ஆஸ்பத்திரி. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. மந்திரிப்பதில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. டாக்டர் சொன்ன எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

"சின்னக் குட்டிதானே" என்று அலட்சியம் செய்யவே கூடாது. தெருவில் கண்டெடுத்த குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம்.

இன்னொன்று: குட்டியோடு விளையாடும்போது கடிபட்ட குழந்தை, திட்டு விழும் என்று பயந்து மறைத்து விடும். அந்தப் பயம் குழந்தையின் உயிரைப் பறிக்கும். "கடித்தால் ஓடி வந்து சொல். அடிக்க மாட்டோம்" என்று ஒவ்வொரு தாயும் தகப்பனும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

அடித்தால் பணியாது

மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை குட்டியின் மனம் ஈரக் களிமண் போல இருக்கும். அப்போது பார்த்ததை எல்லாம் தனக்கு வேண்டியதாக ஏற்றுக் கொள்ளும். குழந்தைகள், தாத்தா பாட்டி, குடை பிடித்தவர், தபால்காரர், சைக்கிள், குக்கர் சத்தம், கோவில் மேளம் எல்லாவற்றையும் அந்த நாட்களில் காட்ட வேண்டும். ஊசி முடியும் வரை தோளில் தூக்கிக் கொண்டு காட்டலாம்.

அந்த நாட்களில் கட்டிப் போடப்பட்ட நாய், பெரியதானதும் அந்நியர் எவரைக் கண்டாலும் பயப்படும். பயந்த நாய்தான் கடிக்கும்.

குட்டி வீட்டுக்குள் நனைத்தால் அதன் மூக்கை அதில் தேய்ப்பது பழைய வழக்கம். அது தவறு. குட்டிக்கு எதற்கு அடி என்று புரியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதே இடத்துக்குக் கொண்டு போய் விட வேண்டும். அங்கே இருந்தால், "நல்ல பிள்ளை" என்று தட்டிக் கொடுத்து ஒரு துண்டு முட்டை தர வேண்டும்.

நான்காம் மாதம் முதல் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு அரிக்கும். அப்போதுதான் செருப்பைக் கடிக்கும். செருப்பை உயரத்தில் வைத்து, கடிக்க ஒரு கெட்டிக் கயிறோ ரப்பர் பந்தோ கொடுத்தால் தொல்லை தீரும்.

குழந்தைகளுக்கும் பாடம் உண்டு. நாய் சாப்பிடும்போது தொடாதே. தூங்கும்போது எழுப்பாதே. வாலை இழுக்காதே. கல் எறியாதே. சிறு குழந்தையை நாயோடு தனியே விடாமல் பார்த்துக் கொள்வது பெரியவர் கடமை.

தீபாவளி அன்று வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடித் தொலையும் நாய்கள் உண்டு. அன்று மாலை ஜன்னலைச் சாத்தி, நாயை உள்ளறையில் வைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெண் குட்டி என்றால்?

பெண் குட்டி வேண்டாம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். சாக்கடையில் எறியப்படுபவை பெரும்பாலும் பெண் குட்டிகள்தான். இது கொடுமை!

பெண் நாய் சாது. வீட்டோடு ஒட்டும். "குட்டி போடுமே" என்ற கவலைக்கு மருந்து உண்டு. தக்க வயதில் கால்நடை ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷன் செய்து விடலாம். ஆண் நாய்க்கும் செய்யலாம். செய்யாவிட்டால், பெண் நாய் 63 நாளில் குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு முறையும் சினைப்படலாம். அத்தனை குட்டிகளுக்கும் வீடு எங்கே?

கைவிடுவது குற்றம்

பட்டினியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு மிருக வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாயை எப்போதும் கட்டியே போட்டு, நடக்க விடாமல் வைப்பதும் குற்றம். இது பலருக்குத் தெரிவதில்லை.

உண்மையாகவே வளர்க்க முடியாத நிலை சில குடும்பங்களுக்கு வரலாம். வேலை மாற்றம் வரும். நோய் வரும். அப்போதும் தெரு வழி அல்ல. வளர்க்கக் கூடிய உறவினரையோ நண்பரையோ தேடி, ஊசி அட்டையோடு ஒப்படைக்க வேண்டும்.

நாய்க்கு வேண்டியது பட்டு மெத்தை அல்ல. ஏழை வீட்டிலும் நாய் சந்தோஷமாக வாழும். வேளைக்குச் சோறு, காலத்தில் ஊசி, தினமும் சற்று நேரம் நடை, அடிக்காத கை. இவ்வளவே அது கேட்பது.

ஒரு குட்டியைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றும் வீட்டில், குழந்தைகள் ஒரு பாடம் படிக்கிறார்கள். கிழவனான நாய்க்குக் கஞ்சி ஊற்றும் தாயைப் பார்க்கும் பையன், நாளைக்குத் தன் தாயையும் பார்த்துக் கொள்வான். உதவாது என்று நாயை விரட்டும் தகப்பனைப் பார்க்கும் பையனும் ஒரு பாடம் படிக்கிறான்.

எந்தப் பாடம் வேண்டும் என்பதைக் குட்டியை வாங்கும் முன்பே தீர்மானித்துக் கொள்ள வேண்டும்!